பொரி என்ற சீமை எலியும் பண்ணை வரப்புப் புல்லும்

ஒரு சின்னப் பிராணி பச்சைப் புல்லை மென்று தின்னும் சத்தத்தைப் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறீர்களா? மாடு மெல்லுவதுபோல ஈரமாகவும் சோம்பலாகவும் இருக்காது. 'நறுக் நறுக்' என்று, யாரோ மெல்லிய காகிதத்தைச் சின்னக் கத்தரிக்கோலால் விடாமல் நறுக்குவதுபோல இருக்கும், நடுவில் சட்டென்று நிற்கும், நாம் பார்க்கிறோமா என்று பார்த்துவிட்டு மறுபடி தொடங்கும். வெறும் நொய்க்கஞ்சியைக் குடித்துவிட்டுக் கோரைப்பாயில் கிடந்த ஒன்பது வயதில் நான் கேட்ட சத்தங்களிலேயே இனிப்பானது அதுதான். அந்தச் சத்தத்துக்காக எங்கள் தெரு கூட்டம் போட்டுத் தீர்மானம் செய்ய வேண்டியிருந்தது என்று சொன்னால் என் மகள் நம்ப மாட்டேன் என்கிறாள். அவளுக்கும் அவள் வயதுப் பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி, எனக்குத் தெரிந்த தமிழில் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் நாகப்பட்டினத்துக்கு மேற்கே, பஸ் நிற்கிற ரோட்டிலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. ஆட்சி மாறி, பள்ளிக்கூடச் சுவரிலும் மதகிலும் கறுப்பும் சிவப்பும் பூசிய காலம் அது. ஆட்சி மாறியதே தவிர வயல் மாறவில்லை. வயலெல்லாம் பண்ணைக்கு, வேலையெல்லாம் எங்கள் தெருவுக்கு என்றுதான் இருந்தது. அந்த வருஷம் சம்பாக் கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்ற நேரத்தில், அறுவடைக் கூலியாக அளக்கிற நெல்லைக் கொஞ்சம் கூட்டித் தரவேண்டும் என்று எங்கள் தெருச் சங்கம் கேட்டது. முடியாது, வெளியூர் ஆளைக் கொண்டுவந்து அறுத்துக்கொள்கிறேன் என்றது பண்ணை. வேலையை நிறுத்திவிட்டு, வந்தால் மறிப்போம் என்றது சங்கம். அதற்குமேல் போலீஸ் வந்து, கூட்டம், ஊர்வலம், திருவிழா எதுவும் கூடாது என்று தடை போட்டது. மாரியம்மனும் அந்தத் தடைக்குக் கட்டுப்பட்டுக் கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு இந்தச் சண்டை எதுவும் சரியாகத் தெரியாது. வாய்க்கால் தண்ணீரைக் குடித்துச் சீதபேதி வந்து, நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் கிடந்து, எலும்பும் தோலுமாக அப்போதுதான் வீடு திரும்பியிருந்தேன். வயிறு கட்டும்வரை கஞ்சி மட்டும் என்று அம்மா தீர்மானமாக இருந்தாள். கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற அடுத்த வீட்டு வாசனைக்குக்கூட நான் மூக்கைப் பொத்திக்கொண்டு இருக்கவேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, படலை இழுத்துச் சாத்திவிடுவாள்.

அந்த நேரத்தில்தான் 'எலிப்பெட்டிக்காரர்' வந்து சேர்ந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அந்த ஆட்டத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். திருவிழாத் திடலில் முழங்கால் உயரப் பலகையை வட்டமாக நிறுத்தி, உள்பக்கம் சுற்றிலும் நம்பர் எழுதிய சின்னச் சின்ன மரப்பெட்டிகளை வாசல் திறந்தபடி வைத்திருப்பார்கள். நடுவில் ஒரு கூடை கவிழ்ந்திருக்கும். ஜனங்கள் தங்களுக்குப் பிடித்த நம்பரில் காசு வைத்ததும் கூடையைத் தூக்குவார். உள்ளேயிருந்து ஒரு சீமை எலி ஓடும். அது எந்தப் பெட்டிக்குள் நுழைகிறதோ அந்த நம்பர்க்காரருக்குச் சோப்பு டப்பாவோ கண்ணாடித் தம்ளரோ கிடைக்கும். சீமை எலி என்று நாங்கள் சொன்னதைத்தான் என் மகள் 'கினி பிக்' என்கிறாள். வால் கிடையாது. முயலும் எலியும் பேசி வைத்துச் செய்ததுபோல ஒரு உருண்டை.

திருவிழாவை நம்பி முன்கூட்டியே வந்த அந்த மனிதர் தடையில் மாட்டிக்கொண்டு, பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்து வராந்தாவில் பெட்டிகளோடு தங்கினார். அம்மா அவருக்குக் கஞ்சி கொடுத்தனுப்புவாள். போகிற வருகிற பிள்ளைகளெல்லாம் அவருடைய எலிகளுக்கு முறுக்கும் பொரியுருண்டையும் பட்டாணியும் ஊட்டி வேடிக்கை பார்த்ததில், இருந்ததிலேயே நன்றாக ஓடுகிற எலி வயிறு கெட்டுப் படுத்துவிட்டது. தடை இப்போதைக்கு எடுபடாது என்று தெரிந்ததும் அவர் மூட்டையைக் கட்டினார். புறப்படுகிற அன்று துணி போட்ட கூடை ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார்.

"தங்கச்சி, இது பஸ்ஸு குலுக்கல் தாங்காது. இங்கயே கெடக்கட்டும். பொழச்சா, திருவிழா நடக்கறப்ப வந்து எடுத்துக்கறேன். இல்லன்னா வாழையடியில பொதச்சிடுங்க, மனச விட்டுறாதீங்க."

"ஏற்கெனவே ஒண்ணு பாயில கெடக்குதுண்ணே," என்றாள் அம்மா. "அது பக்கத்துல இதுவும் கெடந்துட்டுப் போவுது. என்ன போடணும் இதுக்கு?"

"எத போட்டாலும் தின்னும்," என்றார் அவர். பஸ் சத்தம் கேட்டு ஓடினார்.

அந்த 'எத போட்டாலும்'தான் எங்களைக் கெடுத்தது. நல்ல உடம்போடு இருக்கிற பிராணி தின்பது வேறு, வயிறு கெட்ட பிராணிக்கு ஆகிறது வேறு என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

என் பாய்க்குப் பக்கத்தில் கூடையை வைத்தார்கள். வெள்ளையும் பழுப்புமாகப் பொரித்த நெல்லின் நிறத்தில் இருந்ததால் என் அக்கா தையல்நாயகி அதற்குப் 'பொரி' என்று பெயர் வைத்தாள். அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது, தெருவில் எல்லோரும் 'தையலு' என்று கூப்பிடுவார்கள், யாருக்கும் பயப்படமாட்டாள். பொரி முதுகைக் கூனி, முடி சிலிர்த்து, கண்ணைப் பாதி மூடி, பல்லை 'கிறீச் கிறீச்' என்று கடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. அது ஆஸ்பத்திரியில் நான் உட்கார்ந்திருந்த அதே உட்காரல். வயிறு வலிக்கிறவனை இன்னொரு வயிறு வலிக்கிறவனுக்குத் தெரியும். இது பிழைக்கவேண்டுமே என்று எனக்கு வந்த கவலை, என்னைப் பற்றிய கவலையைவிட அதிகமாக இருந்தது.

அம்மா யோசித்தாள். பெயரில் எலி இருக்கிறது. எலி என்றால் எங்கள் ஊரில் நெல் தின்கிறது. வரப்புக்குள் வளை தோண்டி, மூட்டைக் கணக்கில் கதிரை இழுத்துப்போய்ச் சேர்த்து வைக்கிற ஜாதி. ஆகவே எலிக்கு அரிசி ஆகும். நோயாளி எலிக்கு நோயாளி அரிசி ஆகும். இப்படி முடிவு செய்து, எனக்கு வைத்த நொய்க்கஞ்சியிலேயே கொஞ்சம் எடுத்து, மோர் விட்டுக் கரைத்து, கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையால் அதன் வாயோரத்தில் விட்டாள். எனக்கு ஓமத் தண்ணீர் என்றால் அதற்கும் ஓமத் தண்ணீர். வேலைநிறுத்தத்தில் வீட்டுக்கு நெல் வராத நாட்களில் எங்கள் பானையில் மிச்சமிருந்த நொய்யை அவள் அப்படிப் பங்கு போட்டாள் என்பதை இப்போது நினைத்தால்தான் எனக்கு உறைக்கிறது.

இங்கே பக்கிரி மாமாவைச் சொல்லவேண்டும். அவர்தான் சங்கத்துக்குத் தலைவர்; அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். வெளியில் கூட்டம் போடக்கூடாது என்று தடை இருந்ததால், நோயாளிப் பையனைப் பார்க்கப் போகிறோம் என்ற சாக்கில் சங்கத்தார் எல்லோரும் சாயங்காலத்தில் ஒவ்வொருவராக எங்கள் வீட்டுக்கு வந்து என் பாயைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். வாசலில் போலீஸ்காரர் எட்டிப் பார்த்தால் உடனே யாராவது என் நெற்றியில் கை வைப்பார்கள்.

"கலியா, இன்னும் கொஞ்ச நாளைக்கு எழுந்திரிச்சிடாதடா," என்பார் மாமா என் காதில். "நீ தேறிட்டன்னா சங்கம் படுத்துக்கும்."

அம்மா பொரிக்குக் கஞ்சி புகட்டுவதை அவர் முதல் நாள் பார்த்தபோது சிரித்த சிரிப்பில் கூடையே நடுங்கியது. "ஏன் புள்ள, ஊரே எலி வளையத் தோண்டி நெல்லு எடுக்கும், நீ எலிக்கு நெல்லக் கொண்டுபோய் ஊட்டுறியா? எலிங்க எல்லாம் கேள்விப்பட்டா நாளைக்கு இங்கதான் வரிசையில நிக்கும்!"

சிரித்தார்களே தவிர அரிசி தப்பு என்று ஒருவருக்கும் படவில்லை. அரிசி ஆகாத ஒரு வயிறு உலகத்தில் இருக்கும் என்று எங்கள் ஊர் எப்படி நினைக்கும்?

கஞ்சி புகட்டப் புகட்டப் பொரியின் வயிறு உப்பித் தவில்போல ஆனது. அப்பா விரலால் மெல்லச் சுண்டிப் பார்த்துவிட்டு எழுந்தார். புழுக்கை விழுவது அடியோடு நின்றுபோனது. என் வயிற்றில் எதுவும் நிற்காததும் அதன் வயிற்றிலிருந்து எதுவும் வராததும்தான் அப்போது எங்கள் வீட்டின் இரண்டு கவலைகள். அப்பா வெளியிலிருந்து வந்தால் வாசலிலேயே நின்று, "இவன் போனானா? அது போட்டுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் காலைக் கழுவுவார். வெளியாள் கேட்டால் என்ன நினைப்பான் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். நான் ஒருக்களித்துப் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொரி கூடையை விட்டு மெதுவாக இறங்கி, தள்ளாடி என் பாயின் ஓரத்துக்கு வந்தது. மூக்கை ஆட்டி மோந்தது. பாயின் ஓரத்தில் பிரிந்து நின்ற ஒரு கோரையைப் பல்லால் பிடித்து இழுத்து, சிரமப்பட்டு ஒரு கடி கடித்தது. நின்றது. இன்னொரு கடி.

அக்கா உள்ளே வந்ததும், "அது பாயத் திங்குது!" என்று கத்தினேன்.

அவள் கூரை இறவாணத்திலிருந்து ஒரு பழைய வைக்கோலை உருவி நீட்டினாள். மோந்துவிட்டு, புகை நாற்றம் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அம்மா வந்து கேட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அட கடவுளே, இது எலியே இல்லடி. வாலில்லாத கன்னுக்குட்டி! இதுக்குப் போயி இத்தன நாளா கஞ்சிய ஊத்துனேனே."

கன்றுக்குட்டி என்றால் புல் வேண்டும். எங்கள் தெருவிலோ ஆடு மேய்ந்த மண்தான் இருந்தது. வாய்க்கால் கரையை ஊர் மாடுகளெல்லாம் வழித்துத் தின்றிருந்தன. தளதளவென்று அறுகும் கோரையும் நின்ற இடம் ஒன்றே ஒன்று: பண்ணை வயலின் வரப்பு. அங்கேதான் ஒருவரும் கால் வைக்கக் கூடாது. பண்ணையும் கூடாது என்றது, சங்கமும் கூடாது என்றது. அந்த விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒற்றுமை.

அன்று சாயங்காலம் என் பாயைச் சுற்றி ஆள் சேர்ந்ததும், அக்கா நடுவில் வந்து நின்றாள். "மாமா, எனக்கு ஒரு கூடை புல்லு வேணும். வரப்புல. நாளைக்குள்ள திங்கலன்னா பொரி செத்துப்போயிரும்."

சின்ன விஷயம் என்றுதான் நான் நினைத்தேன். அது பெரிய விவாதமாகிவிட்டது. ஏனென்றால் வரப்பில் புல் செதுக்குவது எங்கள் ஊரில் வேலைக் கணக்கில் சேர்த்தி. வரப்பைச் சுத்தம் செய்வது பண்ணையாள் பண்ணைக்குச் செய்யவேண்டிய வேலை. செதுக்கிய புல் பண்ணை மாட்டுக்கு. அப்படியானால் தையலு புல் அறுத்தால், வேலைநிறுத்தத்தின் நடுவில் சங்கத்தான் வீட்டுப் பெண்ணே பண்ணை வரப்பைச் சும்மா செதுக்கிக் கொடுத்ததாகாதா?

"வேலதான் அது," என்றார் ஒருவர். "இன்னிக்கு எலிக்குப் புல்லும்பீங்க, நாளைக்கு மாட்டுக்கும்பீங்க."

"உசுரு போவுதுங்கறா, நீ சட்டம் பேசுறியே," என்றார் இன்னொருவர்.

அப்பா வாயைத் திறக்கவில்லை. சங்கத்தில் இருக்கிறவன் தன் வீட்டுக்காகப் பேசக்கூடாது என்று உட்கார்ந்திருந்தார். ஆனால் கை மட்டும் கூடைக்குள் இருந்தது. பொரியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது.

பக்கிரி மாமா மீசையை முறுக்கினார். பிறகு தொண்டையைச் செருமி, மேடையில் பேசுகிற குரலில் சொன்னார்: "அருவா எடுத்தா அது வேல. மம்முட்டி எடுத்தா அது வேல. வெறுங் கையால கிள்ளுனா அது வேல இல்ல, வெளயாட்டு. தையலு அருவா எடுக்காம, கையால, அந்த ஜீவன் வாய்க்குத் தேவையான மட்டும் கிள்ளிக்கிடலாம். எல்லாருக்கும் சம்மதமா?"

எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். "நோயாளிக்கு ஓட்டு கெடையாதுடா," என்று மாமா என் கையை இறக்கிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் அக்கா வரப்புக்குப் போனாள். நடந்ததை அவள் வந்து நடித்துக் காட்டியதால் நானே பார்த்ததுபோல நினைவிருக்கிறது. பண்ணையின் காரியக்காரர், வயலுக்குக் காவல் நின்ற போலீஸ்காரரோடு எதிரே வந்தாராம். காரியக்காரர் என்றால் பண்ணைக்குப் பதிலாக ஊரை அதட்டுகிறவர். வெற்றிலையும் குடையும் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை.

"ஏய், யாரது வரப்புல? எறங்கு!"

"புல்லு கிள்ளுறேங்க. எலிக்கு."

"எலிக்கா? ஏற்கெனவே இந்த வயல்ல இருக்கற எலி போதாதுன்னு நீங்க வேற வளக்குறீங்களா? இதென்ன சங்கத்து ஏற்பாடா?"

"இது நெல்லு திங்காதுங்க. நெல்லு தின்னதாலதான் சாவக் கெடக்குது."

அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது. நெல் தின்னாத எலி! பாக்கை அடக்கிக்கொண்டு சிரித்தாராம். "அப்ப அதப் பொழைக்க வையி, வச்சு, மத்த எலிங்களுக்கும் சொல்லிக் குடுக்கச் சொல்லு. வரப்போட நின்னுக்க. கதிருல கை பட்டுச்சு, அப்பறம் பாரு."

அவர் போனதும் அந்தப் போலீஸ்காரர், பாவம், நின்று நின்று அலுத்துப்போனவர், தன் பங்குக்கு நாலு கொத்து அறுகைப் பிடுங்கி அக்காவின் பாவாடை மடியில் போட்டு அனுப்பினார்.

பொரிக்கு அப்போது கடிக்கத் தெம்பில்லை. அம்மா அம்மியைக் கழுவி, அறுகை அலசி, பச்சை மையாக அரைத்துத் தண்ணீர் கலந்து, அதே பாலாடையால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். ஒரேயடியாக ஊற்றாமல், ஒரு வாய் கொடுத்து, அது தாடையை ஆட்டி விழுங்குகிறவரை பொறுத்து, மறு வாய். அக்கா அதை மடியில் வைத்து வயிற்றை மெல்ல நீவிவிட்டாள்.

விளக்கு ஏற்றுகிற நேரத்தில் கூடையில் ஒரு புழுக்கை கிடந்தது. சீரகம் போலச் சின்னது. அக்கா அதை வாழையிலைத் துண்டில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி, "போட்டுருச்சு! போட்டுருச்சு!" என்று கூவினாள். தெருவில் நான்கு வீட்டிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அன்று கூட்டத்தில் கூலிப் பேச்சுக்கு முன்னால் அதைத்தான் முதலில் பேசினார்கள்.

அதன்பிறகு புழுக்கை ஒவ்வொரு நாளும் பெரிதானது. சீரகம் கோதுமையாகி, கோதுமை மொச்சைக்கொட்டையாக ஆகிற வழியில் இருந்தது. நடுவில் ஒரு கலவரம். பொரி ஒரு நாள் உடம்பை வளைத்துத் தலையை அடியில் விட்டு, அப்போதுதான் வந்த மெத்தென்ற புழுக்கையை நேராக வாயில் வாங்கித் தின்றது. அம்மா பார்த்துவிட்டு, "ஐயய்யோ, கருமம், கருமம்!" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கழுவினாள். மறுபடி தின்றது. மறுபடி கழுவினாள். அதைத் தடுப்பதற்கென்றே அக்காவைக் காவல் வைத்தாள். பொரி யாரும் பார்க்காத நேரம் பார்த்துத் தின்னப் பழகிக்கொண்டது. பல வருஷம் கழித்து ஒரு கால்நடை டாக்டர் எனக்கு விளக்கினார்: அதன் புழுக்கை இரண்டு விதம், கெட்டியானது கழிவு, மெத்தென்றது பாதி செரித்த சத்து, அதை மறுபடி தின்றால்தான் வயிற்றில் நல்ல கிருமிகள் குடியிருக்கும், வயிறு சரியாக ஓடும். நாங்கள் மருந்தைத்தான் பிடுங்கிக்கொண்டிருந்தோம். அது எங்களுக்குத் தெரியாமல் திருடித் தின்று தன் வயிற்றைச் சரிசெய்துகொண்டது. பிள்ளைகளே, நீங்கள் வளர்த்தால் அதைத் தடுக்காதீர்கள். வேறு பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த விடியற்காலை வந்தது. அக்கா மடியில் புல்லோடு வாசலில் கால் வைத்ததும், புல் உரசுகிற 'சரசர'வைக் கேட்டு, இதுவரை ஊமையாக இருந்த பொரி 'குயீக், குயீக்' என்று வீடே அதிரக் கூப்பாடு போட்டது. கூடையை விட்டு இறங்கி என் பாயைச் சுற்றி ஓடியது. ஓடுகிற ஓட்டத்தில் நாலு காலும் தரையை விட்டு எழும்ப, உடம்பை ஒரு வெட்டு வெட்டித் துள்ளியது. மறுபடி துள்ளியது. சூடான மணலில் நெல் பொரிகிறபோது ஒவ்வொன்றாகத் துள்ளுமே, அதே துள்ளல்தான். நிறத்துக்காக வைத்த பெயர் குணத்துக்கும் பொருந்திப்போனது. பிறகு என் தலைமாட்டில் உட்கார்ந்து புல்லை மென்றது. 'நறுக் நறுக்.' அதைக் கேட்டுக்கொண்டே இருந்ததில் எனக்குப் பசி எடுத்தது. அம்மா அன்று முதல்முறையாக எனக்குக் குழைந்த சோற்றில் ரசம் விட்டாள். கருவாட்டுக்கு அழுதேன். கிடைக்கவில்லை.

கொஞ்ச நாளில் பேச்சுவார்த்தையும் முடிந்தது. கேட்டதில் பாதி கிடைத்தது என்றார் அப்பா. பாதியாவது கிடைத்ததே என்றார் மாமா. எங்கள் தெருவே அருவாளோடு வயலில் இறங்கியது. தடை எடுபட்டது. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எனக்கும் அக்காவுக்கும் மட்டும் சிரிப்பு வரவில்லை. எலிப்பெட்டிக்காரர் வருவாரே!

வந்தார். பொரியைத் தூக்கிப் பார்த்துக் கண் கலங்கினார். "தங்கச்சி, எம் பொழப்பக் காப்பாத்திக் குடுத்துட்ட," என்று அம்மாவைக் கும்பிட்டார். அவருடையதை அவர் எடுத்துக்கொள்கிறார். நாங்கள் என்ன சொல்ல முடியும்? அக்கா அவரிடம், "சாயங்காலம் அதுக்குப் புல்லு கொண்டாறேன் மாமா," என்று மட்டும் சொன்னாள்.

அன்று திடலில் பலகை வட்டம் போட்டாயிற்று. எனக்கும் எழுந்து நடக்க அனுமதி கிடைத்திருந்தது. அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். காசு விழுந்தது. கூடையைத் தூக்கினார். பொரி நடுவில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தது. எந்தப் பெட்டியையும் அதற்கு அடையாளம் தெரிந்ததாகத் தோன்றவில்லை. அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மடியில் புல்லோடு அக்கா வந்து நின்றாள். 'சரசர.' அவ்வளவுதான்: 'குயீக்' என்று ஒரு கூவல், ஒரு துள்ளல், நேராக அக்கா நின்ற பக்கத்துக்கு ஓடிப் பலகையில் முன்காலை வைத்து எம்பியது. எட்டாமல், பக்கத்திலிருந்த பெட்டிக்குள் நுழைந்து அங்கிருந்து கத்தியது.

"நீ கொஞ்சம் அந்தாண்ட போய் நில்லும்மா," என்றார் எலிப்பெட்டிக்காரர். அக்கா எதிர்ப் பக்கம் போனாள். அடுத்த ஆட்டத்தில் பொரி எதிர்ப் பக்கத்துப் பெட்டிக்குள் போனது.

ஜனங்களுக்கு இதைப் புரிந்துகொள்ள வெகுநேரம் ஆகவில்லை. முதலில் புரிந்துகொண்டவர் பக்கிரி மாமா. "தையலு எங்க நிக்கறாளோ அந்த நம்பர்ல போடுங்கய்யா!" என்று அவர் கத்தியதும், திடலில் இருந்த அத்தனை காசும் ஒரே நம்பரில் விழுந்தது. சோப்பு டப்பாக்கள் வரிசையாகப் போயின. கடைசியில் எங்கிருந்தோ காரியக்காரரும் குடையோடு வந்து அதே நம்பரில் ஒரு நாணயத்தை வைத்து ஒரு கண்ணாடித் தம்ளரை வாங்கிக்கொண்டு போனார்.

"ஐயா, போதும், போதும்! என்ன ஓட்டாண்டியாக்கிப்புட்டுத்தான் விடுவீங்களா!" எலிப்பெட்டிக்காரர் சிரித்தாரா அழுதாரா என்று சொல்லமுடியாது. பொரியை எடுத்து அக்காவின் மடியிலேயே புல்லோடு புல்லாக வைத்தார். "இந்தா, இத நீயே வச்சுக்க. இதுக்குத் தொழில் மறந்துபோச்சு. சோறு போட்டவங்க வீடு எதுன்னு தெரிஞ்சுக்கிட்ட எலி, பெட்டிக்குள்ள எங்க போவும்? எங்கிட்ட இன்னும் ரெண்டு இருக்கு. ஆனா நீ மட்டும் அதுங்க பக்கம் வந்துறாத, தாயே."

பொரி எங்கள் வீட்டில் நன்றாக வாழ்ந்து, கிழமாகி, வாழையடிக்குப் போனது.

இப்போது என் மகள் கும்பகோணத்தில் வாங்கி வந்த கினி பிக் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. போன மாதம் யாரோ ஆசையாகப் பிஸ்கட் ஊட்டி, அதே கூன், அதே பல் கடி. டாக்டர் பொடி ஒன்றும் ஊசி இல்லாத சிரிஞ்சும் கொடுத்து, "நல்ல புல்லாப் போடுங்க, அதுதான் மருந்து," என்றார். பையை எடுத்துக்கொண்டு அதே வரப்புக்குப் போனேன். அந்தப் பண்ணை வயலில் ஒரு துண்டு அப்பா காலத்திலேயே எங்கள் பெயருக்கு வந்துவிட்டது. அந்த வரப்பில் நிற்க நான் இப்போது எந்தக் கூட்டத்தையும் கேட்கவேண்டியதில்லை. ஆனால் வரப்பு முழுவதும் களைக்கொல்லி அடித்துத் தீய்ந்து, சுருட்டுத் தூள்போலக் காய்ந்து கிடந்தது. அடிக்கச் சொன்னவனும் நான்தான். ஆள் கிடைக்காத காலத்தில் எல்லோரும் செய்கிறதுதான். பாலத்தடியில், மருந்து போகாத இடத்தில், ஒரு பிடி அறுகு தேடிக் கண்டுபிடிக்க அன்று முழுக் காலையும் ஆயிற்று. கினி பிக் பிழைத்துக்கொண்டது.

அன்றோடு, மேற்கு வரப்பில் மட்டும் மருந்து அடிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "ஏண்ணே, அந்த வரப்பு மட்டும் என்ன புண்ணியம் பண்ணுச்சு?" என்று மருந்து அடிக்கிற தம்பி கேட்டான். சிரித்தேன்.

போன வாரம் அக்கா வந்திருந்தாள். திருத்துறைப்பூண்டியில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள், முழங்கால் வலி. என் மகளோடு வரப்புக்குப் போகிறேன் என்றாள். குனிய முடியாதே என்று நான் அருவாளை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அருவா எடுக்கக்கூடாதுன்னு தீர்மானம் போட்டது, இன்னும் ரத்து பண்ணலடா," என்று சொல்லிவிட்டு, வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்து, வெறும் கையால் அறுகைக் கிள்ளிக் கிள்ளி என் மகளின் பாவாடை மடியில் போட்டாள். வீட்டுக்குள் அவர்கள் நுழைவதற்கு முன்பே உள்ளேயிருந்து கேட்டது: 'குயீக், குயீக்.'